முதல் பருவத்தைத் தாண்ட வேண்டும்

பிளஸ் 2 தேர்வு முடிவு வந்த வாரத்தில், ஓசூர், சூளகிரி, கெலமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் ஒரே வீட்டுக்கு இரண்டு அழைப்புகள் வரும். ஒன்று, கல்லூரிச் சேர்க்கை பற்றி அலைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி. இன்னொன்று, கம்பெனிக்கு ஆள் சேர்த்துவிடும் ஏஜென்ட் வாசலில் நின்று சொல்லும் சேதி. "பிளஸ் 2 முடிச்சாப் போதும்க்கா. வேன் ஊருக்கே வரும். சாப்பாடு உள்ளேயே. புள்ளையை அனுப்புங்க." சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் கைக்கு வரும், எந்த ஷிப்டு என்று ஏஜென்ட் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லிவிடுவார். கல்லூரியிலிருந்து வந்த செய்தியில் இருப்பது சேர வேண்டிய நாளும், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்களின் பட்டியலும் மட்டும்தான். சேர்ந்த பிறகு அங்கே என்ன நடக்கும் என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் இருப்பதில்லை.

நம் ஆதிதிராவிடர், அருந்ததியர் குடியிருப்புகளில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். அப்பா கல்குவாரியிலோ மாந்தோப்பிலோ கூலிக்குப் போகிறார். அம்மா ரோஜாப் பண்ணைக்கோ தக்காளி பறிக்கவோ போகிறார். அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு முன்னால் நடந்து காட்டிய அண்ணனோ அக்காவோ இல்லை. ஜூன், ஜூலையில் ஆர்வத்தோடு சேர்கிறார்கள். தீபாவளி நெருங்கும்போது சிக்கல் தொடங்குகிறது. கூடப் படித்த நண்பன் கம்பெனியில் சேர்ந்து முதல் போனஸ் வாங்கி, வீட்டுக்குப் புதுத்துணி எடுத்து வருகிறான். இவன் கையில் இருப்பது உள்மதிப்பீட்டுத் தேர்வில் வாங்கிய குறைந்த மதிப்பெண்ணும், இன்னும் வந்து சேராத உதவித்தொகையும். அந்த நேரத்தில் "போதும், வேலைக்குப் போயிடலாம்" என்று எடுக்கும் முடிவு ஒரு குடும்பத்தின் அடுத்த முப்பது ஆண்டுகளைத் தீர்மானித்துவிடுகிறது.

இப்படி நின்றுபோகும் பிள்ளைகளைப் படிப்பு வராதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பிளஸ் 2-வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் இவர்களில் உண்டு. பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தை முன்கூட்டியே யாரும் சொல்லாததுதான் பெரும்பாலும் இவர்களை நிறுத்துகிறது. தெரியாததைக் கேட்கக் கூச்சம். கேட்டால் சாதியைச் சொல்ல வேண்டிவருமோ என்ற பயம். இந்தக் கூச்சமும் பயமும் இன்று நேற்று வந்தவை அல்ல.

கோவையில் ஒரு மாணவர்

'பறையன்' இதழை 1893-ல் தொடங்கியவர், 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்து நமக்காகப் பேசியவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றித் தன் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' நூலில் எழுதியிருக்கிறார். அங்கே சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேர் தவிர மற்ற அனைவரும் பிராமணர்கள். தன் சாதியும் இருப்பிடமும் உறவினரும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்களே என்று அவர் அஞ்சினார். அதனால் வகுப்பு தொடங்கும்வரை வெளியில் எங்காவது உட்கார்ந்து படித்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் உள்ளே போவார். மாலையில் மற்ற மாணவர்கள் தன்னை எட்டிப் பிடித்துவிடாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார்.

பின்னாளில் சட்டமன்றத்திலும் வட்டமேசையிலும் அஞ்சாமல் பேசிய மனிதர், மாணவப் பருவத்தில் வகுப்பறை வாசலைத் தாண்டவே நேரம் பார்த்துக் காத்திருந்தார். இன்றைய நிலை அப்படியே அதுவல்ல. ஆனால் கல்லூரி உணவகத்தில் தனியாக ஓரத்தில் உட்காரும் பிள்ளை, "நீ எந்த ஊரு? ஊருக்குள்ளயா, வெளியிலயா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவும் பிள்ளை, உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் சத்தமாகப் படிக்கும்போது தலை குனியும் பிள்ளை நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். தனியாக இருக்கும் மாணவருக்குக் கல்லூரித் தகவல் எதுவும் போய்ச் சேராது. தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் என்று என்பதுகூட நண்பர்கள் வழியாகத்தான் தெரியவருகிறது. பயத்தால் ஒதுங்கும் பிள்ளை படிப்பிலும் பின்தங்கிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சேர்வது வேறு, முடிப்பது வேறு

உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு முன்னணியில் இருக்கிறது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதுக்கு உட்பட்டோரில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4 சதவீதம். தமிழ்நாட்டில் 47 சதவீதம். அகில இந்திய அளவில் பட்டியல் சாதியினரின் விகிதம் 25.9 சதவீதம். இவை சேர்ந்தவர்களின் கணக்கு. முடித்தவர்களின் கணக்கு இதில் தெரியாது.

உயர்ந்த நிறுவனங்களிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடி, ஐஐஎம் ஆகியவற்றிலிருந்து பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இடையில் வெளியேறினர் என்று 2023 டிசம்பரில் மக்களவையில் மத்திய அரசு தெரிவித்தது. அவர்களில் மத்தியப் பல்கலைக்கழகங்களில் இருந்து சென்ற பட்டியல் சாதி மாணவர்கள் 2,424 பேர், ஐஐடிகளில் இருந்து சென்றவர்கள் 1,068 பேர். வேறு படிப்புக்கோ வேறு நிறுவனத்துக்கோ மாறியவர்களும் இதில் உண்டு என்பது அரசின் விளக்கம். அதை ஏற்றுக்கொண்டாலும், கடும் போட்டியில் வென்று இடம் பிடித்தவர்களே நிலைக்க முடியாமல் போகிறார்கள் என்றால், அஞ்செட்டி மலைப்பாதையிலிருந்து பேருந்து மாறி மாறி வரும் பிள்ளைக்கு எவ்வளவு துணை தேவை என்று யோசிக்க வேண்டும்.

பள்ளியில் இருந்தது, கல்லூரியில் இல்லாதது

பள்ளியில் பாடப்புத்தகத்தை அரசே கையில் கொடுத்தது. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளைப் படித்தால் தேர்ச்சி. வராத நாளில் ஆசிரியர் வீட்டுக்குப் போன் செய்வார். கல்லூரியில் முதல் நாள் கிடைப்பது பாடத்திட்டம் என்ற இரண்டு பக்கத் தாள். அதில் ஐந்து அலகுகளின் தலைப்புகளும், சில நூல்களின் பெயர்களும் இருக்கும். அந்த நூல்களை நூலகத்தில் தேடி எடுப்பது உங்கள் வேலை. வகுப்புக்கு வராவிட்டால் யாரும் தேடி வரமாட்டார்கள். இதைச் சுதந்திரம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் பலர்.

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. மூன்று ஆண்டுப் பட்டப் படிப்பு ஆறு பருவங்களாக நடக்கிறது. இதைத்தான் செமஸ்டர் என்கிறோம். முதலாண்டு மாணவர்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று விஷயங்கள் உண்டு.

முதலாவது, மதிப்பெண். எழுத்துத் தாள்களில் பொதுவாக 25 மதிப்பெண் கல்லூரிக்குள்ளேயே போடப்படுகிறது. உள்தேர்வு, ஒப்படைப்பு, வருகை ஆகியவற்றுக்கு உரியது அது. மீதி 75 பல்கலைக்கழகத் தேர்வுக்கு. பள்ளியில் 35 எடுத்தால் தேர்ச்சி. இங்கே 40 வேண்டும். அந்த 25-ல் இருபதை முன்கூட்டியே வாங்கிவைத்தவருக்குப் பருவத் தேர்வின் பயம் பாதியாகக் குறையும். ஒப்படைப்பை ஒழுங்காக எழுதி, குறித்த நாளில் கொடுக்கப் பெரிய ஆங்கில அறிவு வேண்டியதில்லை.

இரண்டாவது, வருகை. 75 சதவீதம் கட்டாயம். ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 90 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால், விடுப்புக்கு மிஞ்சுவது 22 நாட்கள்தான். ஊர்த் திருவிழா, உறவினர் திருமணம், மாங்காய் சீசனில் கூலி, ஞாயிறு ஓவர்டைம் முடிந்த களைப்பில் திங்கள் விடுப்பு என்று போனால் 22 நாள் இரண்டே மாதத்தில் தீர்ந்துவிடும். சற்றுக் குறைந்தால் தக்க காரணம் காட்டி, கட்டணம் செலுத்தி விலக்குக் கேட்க வழி உண்டு. மிகவும் குறைந்தால் தேர்வே எழுத முடியாது.

மூன்றாவது, அரியர். இதைத் தெரியாமல்தான் பலர் படிப்பை விடுகிறார்கள். நம் பெற்றோருக்கு 'பெயில்' என்றால் பத்தாம் வகுப்பு பெயில்தான் நினைவுக்கு வரும். அத்தோடு பள்ளி முடிந்தது, வேலைக்குப் போ என்று பொருள். கலை அறிவியல் பட்டப் படிப்பில் அப்படி இல்லை. முதல் பருவத்தில் இரண்டு தாள் போனாலும் இரண்டாம் பருவத்துக்குப் போய்விடலாம். போன தாளை அடுத்து வரும் தேர்வில் திரும்ப எழுதலாம். பட்டம் வாங்குவதற்குள் எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றால் போதும். முதல் பருவ முடிவைப் பார்த்து "நான் பெயில், இனிமேல் போகமாட்டேன்" என்று அழும் பிள்ளைக்கு இதை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் ஊரில் இருக்க வேண்டும். அரியரைச் சேர்த்துக்கொண்டே போவது ஆபத்து என்பதையும் அதே ஆள் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் பழைய தாள் ஒன்றையாவது முடித்துவிட வேண்டும்.

மூன்று மொழிகளுக்கு நடுவே

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர், வேப்பனப்பள்ளி பகுதிகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம். தெருவில் தமிழும் உருதுவும் கலந்த பேச்சு. பள்ளியில் தமிழ்வழி, சில ஊர்களில் தெலுங்குவழி, கன்னடவழி. கல்லூரி வகுப்பில் திடீரென்று ஆங்கிலம். நம் பிள்ளைகள் மூன்று மொழி பேசுகிறார்கள் என்று யாரும் பாராட்டுவதில்லை. ஆங்கிலம் வரவில்லை என்று மட்டும்தான் சொல்கிறார்கள்.

ஆங்கிலத்தில் பேச வராததும் பாடத்தை ஆங்கிலத்தில் படிக்க வராததும் ஒன்றல்ல. ஒரு பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் கலைச்சொற்கள் சில நூறுதான் இருக்கும். பிளஸ் 2-வில் தமிழில் படித்த அதே இயற்பியல், அதே பொருளியல், அதே வணிகவியல்தான் வேறு சொற்களில் வருகிறது. ஒரு நோட்டு போட்டு, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் பள்ளியில் படித்த தமிழ்ச்சொல் என்று நாளுக்கு ஐந்து எழுதி வந்தால் தீபாவளிக்குள் ஒரு பாடத்தின் அடிப்படைச் சொற்கள் கைக்கு வந்துவிடும். பழைய பிளஸ் 2 புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதல் பருவத்துக்கு அதைவிட நல்ல துணைநூல் கிடையாது.

தமிழ்வழியா, ஆங்கிலவழியா என்று தேர்வு செய்யும் வாய்ப்பு உள்ள கல்லூரியில் சேர்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்று 2020-ல் அது திருத்தப்பட்டது. பள்ளி முழுவதும் தமிழ்வழியில் படித்துவிட்டுப் பட்டப் படிப்பை மட்டும் ஆங்கிலவழிக்கு மாற்றினால், பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் பணிகளில் அந்த முன்னுரிமை கிடைக்காது. அரசுப் பணி குறிக்கோளாக இருந்தால் இதையும் சேர்த்து எடைபோடுங்கள். தனியார் துறைக்கும் மேல்படிப்புக்கும் ஆங்கிலவழி உதவும். எந்த வழியானாலும், அதனால் வருவதும் போவதும் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

இருபத்தைந்து ரூபாயின் கதை

அம்பேத்கர் 1907-ல் மெட்ரிக் தேர்ச்சி பெற்று, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தார். இடையில் பணம் முட்டியது. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கொடுத்தார். அந்தப் பணத்தில் படித்து 1912-ல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு அதே பரோடா அரசின் உதவியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். தனக்குக் கிடைத்த உதவி ஒரு மன்னரின் நல்லெண்ணத்தால் வந்தது, அடுத்தவருக்கும் அப்படி ஒரு மன்னர் கிடைப்பார் என்று இருக்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். 1942-ல் வைசிராயிடம் கொடுத்த மனுவில் பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு அரசுப் பணம் ஒதுக்கக் கேட்டார். நாம் இன்று போஸ்ட் மெட்ரிக் என்று சொல்லும் கல்வி உதவித்தொகை 1944 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை வாங்குவதற்கு எந்தப் பிள்ளையும் தலை குனிய வேண்டியதில்லை. அது நமக்காகக் கேட்டு வாங்கப்பட்ட உரிமை.

குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் இதைப் பெறலாம். இதோடு, 6 முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை விரிவுபடுத்தப்பட்டுள்ளன. பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

திட்டங்கள் இருந்தும் பணம் தாமதமாவது பெரும்பாலும் காகிதத்தில். ஆதாரில் ஒரு எழுத்து, மதிப்பெண் சான்றில் வேறு எழுத்து. வங்கிக் கணக்கு இருக்கும், ஆதார் இணைப்பு இருக்காது. பள்ளியின் எமிஸ் எண் தெரியாது, கல்லூரியின் யுமிஸ் பதிவு முடிந்திருக்காது. இவற்றைச் சேர்க்கை நாளுக்கு முன்பே இ-சேவை மையத்திலும் வங்கியிலும் சரிசெய்துவிட்டால் பல மாதக் காத்திருப்பு குறையும். அப்படியும் பணம் தாமதமாகத்தான் வரும் என்று கணக்குப் போட்டு, முதல் ஆறு மாதச் செலவுக்கு வீட்டில் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வையுங்கள். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவசப் பேருந்துப் பயண அட்டை உண்டு. தூரத்து ஊர்க்காரர்கள் நலத்துறைக் கல்லூரி விடுதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆதிதிராவிடர் நல விடுதிகள் உள்ளிட்டவை 2025 முதல் சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படுகின்றன.

எல்லைக்கோடும் சாதிச் சான்றிதழும்

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எட்டிப் பிடிக்கும் தூரம். ஆனேக்கல், சந்தாபுரா, பெங்களூரு என்று கல்லூரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. விளம்பரத்தைப் பார்த்து அங்கே சேர்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். பட்டியல் சாதித் தகுதி மாநிலத்தோடு கட்டப்பட்டது. ஒரு மாநிலத்துப் பட்டியலில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குப் போனால், அதே பெயர் கொண்ட சாதி அங்கும் பட்டியலில் இருந்தாலும், அந்த மாநிலத்தின் இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே தீர்ப்பளித்துவிட்டது. தமிழ்நாட்டுச் சான்றிதழைக் கொண்டு கர்நாடக மாநில ஒதுக்கீட்டில் இடம் கேட்க முடியாது. மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் அது செல்லும். அந்தப் பக்கத்திலிருந்து மருமகளாக வந்த பெண்ணுக்கும் இதே நிலைதான். திருமணத்தால் அவருக்குத் தமிழ்நாட்டுப் பட்டியல் சாதித் தகுதி வந்துவிடாது.

செங்கல் சூளை, கட்டட வேலை என்று பெற்றோரோடு கர்நாடகம் போய் ஓரிரு ஆண்டு அங்கே படித்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகளுக்கு இன்னொரு இழப்பு காத்திருக்கிறது. 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் மாதம் 1,000 ரூபாய்க்கும் ஆறாம் வகுப்பு முதல் இங்குள்ள அரசுப் பள்ளிப் படிப்பைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் பள்ளி மாற்றும்போது கல்லூரியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கூடுமானவரை பிள்ளையைத் தாத்தா பாட்டியிடமோ விடுதியிலோ விட்டு இங்கேயே படிப்பைத் தொடரச் செய்வது நல்லது.

அருந்ததியர் குடும்பங்கள் சான்றிதழில் உள்ள சாதிப் பெயரையும் பார்க்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் அருந்ததியருக்கு என்ற சட்டம் 2009-ல் வந்தது. அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் என்ற ஏழு பெயர்களும் இதில் அடங்கும். இப்படி உள் ஒதுக்கீடு செய்வது செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்தது. விண்ணப்பத்தில் உட்பிரிவைக் குறிக்காமல் பொதுவாகப் பட்டியல் சாதி என்று மட்டும் நிரப்பினால் இந்த வாய்ப்பு கைநழுவிவிடும்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது

எல்லாவற்றையும் மாணவர் தலையில் கட்டுவது நியாயமல்ல. முதல் தலைமுறை மாணவர் அதிகம் சேரும் கல்லூரியில் தொடக்க அறிமுகப் பயிற்சி வெறும் வரவேற்பு விழாவாக முடியக்கூடாது. மதிப்பெண் முறை, வருகை விதி, அரியர், உதவித்தொகை ஆகிய நான்கையும் தாய்மொழியில் விளக்க இரண்டு நாட்கள் போதும். ஒவ்வொரு முதலாண்டு மாணவருக்கும் பெயர் தெரிந்த ஒரு பேராசிரியர் இருக்க வேண்டும். அம்பேத்கருக்கு எல்பின்ஸ்டனில் முல்லர் என்ற பேராசிரியர் புத்தகமும் உடையும் கொடுத்து உதவினார். ஒரு ஆசிரியரின் அக்கறை எவ்வளவு தூரம் ஒரு மாணவரைக் கொண்டுசெல்லும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

சாதிப் பாகுபாட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2012-ல் விதிமுறைகள் கொண்டுவந்தது. சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் கல்வி நிறுவனங்களில் இருக்க வேண்டும் என்றது. அவை ஏட்டளவில் நின்றுவிட்டன என்று ரோகித் வெமுலா, பாயல் தத்வி ஆகியோரின் தாயார்கள் 2019-ல் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த இரு தாய்மார் கேட்டது மற்றவர்களின் பிள்ளைகளுக்காக. நம் மாவட்டக் கல்லூரிகளில் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பானவர் யார் என்பதைப் பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க ஒரு ரூபாய் செலவில்லை. பகடிவதைக்கு ஆளானவர்கள் 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணில் தேசிய உதவி மையத்தை அழைக்கலாம்.

கம்பெனிக்குப் போனவர்களுக்கும் கதவு உண்டு

கம்பெனி வேலையைக் குறைத்துப் பேசுவது இங்கே நோக்கமல்ல. 1970-களில் சிப்காட் வந்த பிறகு ஓசூர் பல குடும்பங்களைப் பண்ணையாரின் களத்திலிருந்து விடுவித்தது. மாதச் சம்பளம் வந்த பிறகுதான் சில வீடுகளில் ஓட்டுக்கூரை தளமானது. ஆனால் நிரந்தர வேலை வேறு, ஒப்பந்தக்காரர் மூலம் சில காலத்துக்கு எடுக்கும் வேலை வேறு. பதினெட்டு வயதில் எந்தக் கையெழுத்தும் யோசிக்காமல் போடப்படுகிறது. இருபத்தி மூன்றில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்போது கையில் பட்டமும் இருப்பதில்லை, வேலையும் இருப்பதில்லை. கம்பெனி எங்கும் போய்விடாது. மூன்று ஆண்டு கழித்துப் பட்டத்தோடு போனால் அதே தொழிற்பேட்டையில் வேறு வாசல் வழியாக உள்ளே போகலாம்.

வீட்டு நிலைமையால் வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்கள் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இடையில் நின்றவர்கள் மறுசேர்க்கை பற்றிக் கல்லூரி அலுவலகத்தில் கேட்கலாம். 2002-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எங்கும் சேராமல் நின்றவர்களைத் தேடி 'நான் முதல்வன்' திட்டத்தின் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடத்தப்படுகின்றன. 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண்ணில் உயர்கல்வி பற்றிய சந்தேகங்களைக் கேட்கலாம்.

ஊர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நம் குடியிருப்புகளில் இளைஞர் மன்றம் இருக்கிறது, மகளிர் குழு இருக்கிறது, ஏப்ரல் 14-க்குக் கொடி கட்ட ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் பட்டம் முடித்த இரண்டு பேர், அது பக்கத்து ஊர்க்காரராக இருந்தாலும் சரி, முதலாண்டு பிள்ளைகளுக்குப் பொறுப்பெடுத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம். வருகை எத்தனை சதவீதம், ஒப்படைப்பு கொடுத்தாயா, உதவித்தொகை பதிந்தாயா, வகுப்பில் யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று நான்கு கேள்விகள் போதும். அப்பாவும் அம்மாவும் கேட்க விரும்பி, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் விட்ட கேள்விகள் இவை.

இந்த ஆண்டு உங்கள் ஊரிலிருந்து கல்லூரியில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று பெயர்களை ஒரு தாளில் எழுதிவையுங்கள். தீபாவளி முடிந்த மறு வாரம் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். வகுப்புக்குப் போகாமல் நின்ற பெயர் ஒன்று இருந்தால், அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசுங்கள்.